தொலைவில்லையும் பறவையின் கண்ணும்

பறவைகளைப் படம் பிடிக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நம் மாணவரிடையே பெரிதும் வளர்ந்து வருகின்றது. முன்னர்ச் செல்வர் சிலர்க்கே எட்டக்கூடியனவாயிருந்த நெடிய வில்லைகள் இன்று இளைஞர் பலரின் கைகளிற் காணப்படுகின்றன. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் ஊருக்கு வருங்கால், தாம் பயன்படுத்திய கமராக்களைக் கொணர்ந்து மருமக்கட்கும் பெறாமக்கட்கும் கொடுத்துச் செல்வதும் உண்டு. இவ்வாறு கருவி கிடைக்கப்பெற்றோர் பலரும் இரண்டொரு கிழமைக்குள் ஒரே குறையைச் சொல்லக் கேட்கின்றோம்: படம் தெளிவாக வரவில்லை, வில்லையிற் பழுது போலும் என்பதே அது.

பழுது பெரும்பாலும் வில்லையில் இல்லை. தெளிவின்மை என்று நாம் ஒரு சொல்லாற் குறிப்பது உண்மையில் நான்கு வேறு குற்றங்களாகும். குவியம் பறவையின்மேல் விழாது அதற்கு முன்னோ பின்னோ விழுந்திருக்கலாம், ஷட்டர் திறந்திருந்த கணத்திற் பறவை அசைந்திருக்கலாம், கமரா அசைந்திருக்கலாம், இரண்டுக்கும் இடையிலுள்ள காற்று அசைந்திருக்கலாம். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. காய்ச்சல் என்று வந்தோர் எல்லார்க்கும் ஒரே குளிகையைக் கொடுக்கும் வைத்தியனை நாம் மெச்சுவதில்லை. படக்கலையிலோ, படம் மங்கியது என்றவுடன் விலை கூடிய வில்லை ஒன்றை வாங்குமாறு சொல்வாரே மிகுதி.

தெளிவு கண்ணுக்கு இனிமை தருவதற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. ஆண்டுதோறும் புரட்டாதி, ஐப்பசி அளவில் வடபுலங்களிலிருந்து வந்து நம் களப்புக்களிலும் பரவைக்கடல்களிலும் தங்கி, பங்குனி, சித்திரையில் மீளும் உள்ளான் இனங்களுட் பல ஒன்றையொன்று ஒத்த மங்கிய மண்ணிறத்தன. அலகின் வளைவு, கண்ணுக்கு மேலுள்ள வெண்கோடு, சிறகிறகுகளின் விளிம்பு என்பவற்றைக் கொண்டே அவற்றை இனங்காணல் வேண்டும். சிலவற்றின் கால்களில் ஆராய்ச்சியாளர் இட்ட நிற வளையங்களும் எழுத்துப் பொறித்த சிறு கொடிகளும் காணப்படும். அவ்வெழுத்தைப் படித்தறியத்தக்க படம் ஒன்று, அப்பறவை எந்த நாட்டிற் பிடித்து விடப்பட்டது, எத்துணைத் தூரம் பறந்து வந்தது என்பவற்றைச் சொல்லும் சான்றாகும். எழுத்து மங்கிய படத்தினால் அப்பயன் இல்லை.

தொலைவில்லை எனப்படும் ரெலிபோட்டோ வில்லை யாது என்பதை முதலிலே தெளிதல் நன்று. குவியத்தூரம் கூடுந்தோறும் தொலைவிலுள்ள பொருளின் விம்பம் பெரிதாக விழும். ஆனால் 500 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய எளிய வில்லைக்கு அரை மீற்றர் நீளக் குழாய் வேண்டும். முன்னே ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதியையும் பின்னே அதனைச் சற்று விரிக்கும் தொகுதியையும் அமைத்தால், குழாயின் நீளம் குவியத்தூரத்திலும் குறைந்துவிடும். இம்முறையில் அமைந்த வில்லைக்கு 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோமஸ் டால்மையர் காப்புரிமை பெற்றார். ஆதலின், நீண்ட வில்லை யாவும் ரெலிபோட்டோ அல்ல. தன் குவியத்தூரத்திலும் குறுகியதாய் அமைந்ததே அப்பெயர்க்கு உரியது. வழக்கிலோ இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. நாமும் அதனை விட்டுவிடுவோம்.

விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. தொலைவில்லை பறவையை மட்டும் பெருக்குவதில்லை. கைநடுக்கத்தையும், குவியப் பிழையையும், காற்றின் அலைவையும் உடன்சேர்த்துப் பெருக்குகின்றது. 36 மில்லிமீற்றர் அகலமுடைய உணரியில் 500 மில்லிமீற்றர் வில்லை காட்டும் காட்சியின் அகலம் நான்கு பாகை அளவே. கையை முன்னே நீட்டி இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் அளவு அது. அவ்வளவு சிறிய துண்டு வானத்தைப் படம் முழுதும் விரித்துக் காண்கின்றோம் என்பதை நினைவிற் கொண்டால், இனிச் சொல்வன எளிதில் விளங்கும்.

குவியம் என்பது ஒரு தளம். அதன் முன்னும் பின்னும் சிறிது தூரம் வரையில் நம் கண் மங்கலை உணராது. அத்தூரத்தைத் தெளிவின் ஆழம் என்போம். 500 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 5.6 துவாரத்தில் வைத்து, 10 மீற்றரில் இருக்கும் பறவையைப் படம் பிடிப்பின், வழக்கமான கணக்கின்படி (உணரியில் 0.03 மில்லிமீற்றர் அகல மங்கல் வரை பொறுக்கலாம் என்று கொண்டு) இவ்வாழம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் ஆகும். பறவை 20 மீற்றரில் இருப்பின் அரை மீற்றரளவு. 5 மீற்றரில் இருப்பின் 3 சென்ரிமீற்றர் மட்டுமே. இறகின் நுண்ணிழைகளைக் காண விரும்பிப் படத்தை வெட்டிப் பெருப்பிக்கும்போது 0.03 என்ற சலுகை பாதியாகவேனும் குறைதல் வேண்டும். அப்பொழுது 10 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் சொச்சமே எஞ்சும். கண்ணுக்கு முன்னே மூன்று, பின்னே மூன்று. நம் வளவுகளில் வந்து தந்திக் கம்பியில் இருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியின் அலகு மட்டும் ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளமிருக்கும். அது நம்மை நேரே நோக்கியிருப்பின் கண்ணும் அலகின் நுனியும் ஒருங்கே தெளிவாக விழா.

இதனால் இரண்டு உண்மைகள் போதரும். பக்கவாட்டில் நிற்கும் பறவையைத் தெளிவாகப் பிடித்தல் எளிது. ஏனெனில் அதன் தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் அமையும். நம்மை நோக்கி நிற்கும் பறவையில் எதைக் கைவிடுவது என்பதைத் துணிதல் வேண்டும், கைவிடத்தகாதது கண். கண் தெளிவாக இருப்பின் வால் மங்கியதைப் பார்ப்போர் பொறுப்பர். வால் தெளிவாக இருந்து கண் மங்கின் எவரும் பொறுப்பதில்லை.

துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் ஆழம் கூடாதோ என்று பௌதிகம் பயிலும் மாணவர் வினவுவர். கூடும். ஆனால் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்து ஷட்டர் மெதுவாகும். அன்றியும், சிறு துவாரத்தினூடே செல்லும் ஒளி கோணலால் விரிந்து, ஒரு புள்ளியின் விம்பம் 0.02 மில்லிமீற்றர் அகல வட்டாகப் பரவும். எஃப் 5.6 முதல் எஃப் 8 வரையிலேயே நின்றுகொள்ளல் பறவைப் படத்துக்குப் போதும்.

இக்காலக் கமராக்கள் குவியத்தைத் தாமே தேடிக்கொள்கின்றன. 1977இற் சிறு கமராக்களில் சந்தைக்கு வந்த இவ்வசதி, 1985இல் மினோல்ற்றா 7000 வெளிவந்த பின்னர் வில்லை மாற்றத்தக்க கமராக்களிலும் பரவியது. அது வேலை செய்யும் விதம் எளியது. வில்லையின் ஒரு விளிம்பாற் புகும் ஒளியையும் எதிர் விளிம்பாற் புகும் ஒளியையும் பிரித்து, இரு விம்பங்களாக ஒப்பிடுகின்றது கமரா. குவியம் சரியாயின் இரண்டும் பொருந்தும். குவியம் முன்னே விழுந்தால் ஒரு பக்கமாகவும், பின்னே விழுந்தால் மறுபக்கமாகவும் அவை விலகும். விலகிய திசையும் அளவும் தெரிந்தமையால், மோட்டர் எப்பக்கம் எவ்வளவு திரும்பவேண்டும் என்பது ஒரே அளவீட்டில் விளங்கிவிடும்.

ஒப்பிடுவதற்கு ஏதேனும் ஒரு விளிம்போ கோடோ இருத்தல் வேண்டும் என்பதே இதன் பலவீனம். நிழலில் நிற்கும் காகத்தின் மார்பிலும், உச்சி வெயிலில் நிற்கும் வெண்கொக்கின் உடலிலும் அத்தகைய கோடு இல்லை. கருமையும் வெண்மையும் தம்முள் வேறுபாடின்றிக் கிடக்க, கமரா முன்னும் பின்னும் தடுமாறும். அவ்விடத்துக் கொக்கின் கழுத்து விளிம்பையோ, கண்ணையோ, அலகின் அடியையோ குறிவைத்தல் வேண்டும். நாணற் புதருக்குள் இருக்கும் பறவையைப் பிடிக்கும்போது அகன்ற குவியப் பரப்பைப் பயன்படுத்தின், கமரா தனக்கு அண்மையிலுள்ள நாணலையே பற்றிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கிப் பறவையின் தலைமேல் வைப்பதே தக்கது. அதற்கு மாறாக, வெறும் வானத்தின் எதிரே பறக்கும் ஆலாவுக்குப் பரப்பைச் சற்று விரித்தல் நன்று. அங்கே பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லையன்றோ!

வில்லையின் பக்கத்தே உள்ள சிறு விசை ஒன்றைப் பலர் ஆண்டுக்கணக்காகத் தொட்டும் பாரார். தேடும் தூரத்தை வரையறுக்கும் விசை அது. கிட்டத்தூரத்தை விலக்கிவிட்டால், பறவை ஒருமுறை குறியினின்று நழுவும்போது வில்லை தன் முழு வீச்சும் போய் வந்து நேரத்தை வீணாக்காது. பறக்கும் பறவையைத் தொடர்வோர்க்கு இவ்விசை ஒரு புதிய வில்லைக்கு ஒப்பாகும்.

ஆடி பொருத்திய பழைய அமைப்பிலான கமராக்களில் மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. அவற்றிற் குவியத்தை அளக்கும் உறுப்பு வேறு. படம் விழும் உணரி வேறு. இரண்டுக்கும் ஒளி செல்லும் வழியின் நீளத்தில் மயிரளவு வேறுபாடு இருப்பினும், கமரா சரி என்று சொல்லும்போதே குவியம் தொடர்ந்து முன்னோ பின்னோ விழும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். கமராவை முக்காலியில் நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து, பத்து மீற்றரளவில் ஓர் அச்சிட்ட தாளை நேராக நிறுத்துக. அதன் அருகே ஓர் அடிமட்டத்தைச் சாய்த்து வைத்து, அடிமட்டத்தின் நடுக்கோடு தாளின் தளத்தில் அமையச் செய்க. தாளைக் குவியப்படுத்திப் பத்துப் படங்கள் எடுத்துப் பார்த்தால், அடிமட்டத்தின் எந்தக் கோடு மிகத் தெளிவாக உள்ளது என்பது தெரியும். பத்திலும் பிழை ஒரே பக்கமாக இருப்பின், கமராவின் திருத்தப் பகுதியிற் சென்று அதனைச் சரிசெய்யலாம். இவ்வசதி 2007 அளவிலிருந்து உயர்தரக் கமராக்களில் உண்டு. பிழை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாகச் சிதறுமாயின் திருத்தத்தாற் பயனில்லை. இரவற் கருவி பெற்ற மாணவர் களத்துக்குச் செல்லுமுன் இச்சோதனையைச் செய்வாராயின் வில்லையின்மேற் பழிசுமத்தும் வழக்கம் பெரிதும் குறையும்.

ஆடியற்ற புதிய கமராக்களில் உணரியே குவியத்தையும் அளப்பதால் இவ்விடர் நீங்கிற்று. 2020 முதல் வந்த சில கமராக்கள் படத்தினுட் பறவையை அடையாளங்கண்டு, அதன் கண்ணைத் தேடிப் பின்தொடரவும் வல்லன. மெய்யாகவே வியக்கத்தக்க முன்னேற்றம் இது. எனினும், கிளைகளுக்குள்ளே பாதி மறைந்த பறவையில் அதுவும் தவறுவதுண்டு. கருவி வரைந்து காட்டும் சிறு பெட்டி கண்ணின்மேல் நிற்பதனால் மட்டும் குவியம் அங்கு விழுந்தது என்று கொள்ளற்க.

இவ்வசதி ஒன்றுமில்லாத கமரா உடையோர் மனந்தளர வேண்டுவதில்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் தாம் விட்டுப்போன கொம்புக்கே மீண்டும் மீண்டும் வரும் இயல்பின. பஞ்சுருட்டான் ஒரு தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பி, அதனை அடித்துக் கொன்று விழுங்கும். பறவை இல்லாத வேளையில் அக்கொம்பின் நுனியைக் குவியப்படுத்தி, குவியத்தைக் கையாற் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். தன்னியக்கக் குவியம் தோன்றுமுன் உலகம் வியந்த பறவைப் படங்களுட் பல இம்முறையாலேயே பெறப்பட்டவை.

குவியம் சரியாக இருந்தும் படம் மங்குமாயின், அடுத்து நோக்கத்தக்கது பறவையின் வேகம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில், 20 மீற்றர் தொலைவில், குறுக்கே பறக்கும் ஆலா ஒன்றை எண்ணிக்கொள்வோம். 500 மில்லிமீற்றர் வில்லையில் அதன் விம்பம் உண்மையளவின் முப்பத்தொன்பதில் ஒரு பங்கு. ஆகவே உணரியின்மேல் விம்பம் செக்கனுக்கு 256 மில்லிமீற்றர் ஓடும். ஷட்டர் 1/1000 செக்கன் திறந்திருப்பின் விம்பம் கால் மில்லிமீற்றர் இழுபடும். இது நாம் பொறுத்த 0.03 இன் எட்டு மடங்கு. ஷட்டரின் வேகத்தால் மட்டுமே இதனை நிறுத்த 1/8000 செக்கனும் போதாது. அங்ஙனமாயின் பறக்கும் பறவையை எடுப்போர் எவ்வாறு எடுக்கின்றனர்? கமராவைப் பறவையோடு ஒழுகவிடுகின்றனர். பறவையின் தலை பார்வைப் புலத்தின் ஒரே இடத்தில் நிற்குமாறு இடுப்பிலிருந்து திரும்பி, விசையை அழுத்திய பின்னரும் திரும்புதலை நிறுத்தாதிருத்தல் வேண்டும். அப்பொழுது தலையும் உடலும் உணரியின்மேல் அசையா. ஷட்டர் நிறுத்தவேண்டியது சிறகின் வீச்சை மட்டுமே. அதற்குக் கொக்கு, நாரை போன்ற பெரும் பறவைகளாயின் 1/1600, ஆலா, உள்ளான் ஆகியனவாயின் 1/2500 அல்லது 1/3200 போதும். கொம்பிலிருக்கும் பறவைக்கும் 1/500இற்குக் கீழே இறங்காதிருத்தல் நலம். பறவையின் தலை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை.

இவ்வளவு வேகத்துக்கு ஒளி போதாதபோது ஐ. எஸ். ஓ. எண்ணை உயர்த்தப் பலர் தயங்குவர். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும் என்பது மெய்யே. ஆனால் அப்புள்ளிகளைப் பின்னர் ஓரளவு நீக்கலாம். இழுபட்ட கண்ணை மீட்க வழியில்லை.

கைநடுக்கத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கமரா ஆடினாலும் 500 மில்லிமீற்றர் வில்லையில் விம்பம் 0.145 மில்லிமீற்றர் நகரும். முக்காலி, அது இல்லையேல் மண் நிரப்பிய சிறு பை, தாம்போதியின் கட்டு, நிறுத்திய வாகனத்தின் யன்னல் விளிம்பு ஆகியன பெரிதும் உதவும். 1995 முதல் வில்லைகளில் வந்த நடுக்கந்தணிக்கும் அமைப்பு நம் கையின் ஆட்டத்தை அடக்குமேயன்றிப் பறவையின் ஆட்டத்தை அடக்காது. இவ்வேறுபாட்டை அறியாதார் அவ்வமைப்பை நம்பி 1/60 செக்கனிற் பறவையை எடுத்துவிட்டு, விற்றவரை நோகின்றனர்.

இனி நான்காவது குற்றத்துக்கு வருவோம். குளிர்நாட்டார் எழுதிய கைநூல்களில் இதற்கு ஒரு பந்தியே கிடைக்கும். நமக்கோ இதுவே தலையாயது. வெயில் ஏறியபின் பண்ணைத் தாம்போதியின் தார் வீதியிலும், ஆனையிறவின் உப்பு வெளியிலும் தூரத்தே நீர் அலைவதுபோலத் தோன்றும் கானலை அறியாதார் யார்? சூடேறிய தரையை அடுத்த காற்று விரிந்து மெலிகின்றது. மெலிந்த காற்றின் ஒளிமுறிவுச் சுட்டி குறைவு. வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினாற் சுட்டி பத்து இலட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கே குறையும். அற்ப அளவுதான். ஆயினும், நூறு மீற்றர் தூரத்துக்குச் சூடும் குளிரும் கலந்த காற்றுத் திரள்கள் மேலெழுந்தவண்ணம் இருக்க, அவை ஒவ்வொன்றும் ஒளியைச் சிறிது சிறிதாக வளைக்கின்றன. வில்லைக்கு முன்னே இன்னும் ஆயிரம் வில்லைகளை எவனோ ஓயாது அசைத்துக்கொண்டிருத்தல் போன்றது இது. இதற்கு முக்காலி மருந்தன்று. விரைவான ஷட்டரும் முழு மருந்தன்று. உலகிலேயே விலைமிக்க வில்லையும் மருந்தன்று. நீண்ட வில்லை கானலையும் நீட்டிப் பெருக்கும். 150–600 மில்லிமீற்றர் வில்லை வாங்கியவுடன், முன்னர் எட்டாத பூநாரைக் கூட்டத்தை நண்பகலில் அரை மைல் தூரத்திலிருந்து எடுத்து, வில்லை சரியில்லை என்று துணிவோர் பலர். அவர்தம் வில்லையை அதிகாலையில் இருபது மீற்றர் தூரத்திற் சோதித்தல் நீதியாகும்.

கானலுக்குப் பரிகாரம் நேரமும் அண்மையுமே. நம் பகுதியில் வெயில் ஏறும் நாட்களிற் காலை எட்டு மணிக்கு முன்னர் எடுக்கப்படும் படங்களை நம்பலாம். ஒன்பதுக்குப் பின் தரையை ஒட்டிய தூரப் படங்களை நம்பவியலாது. முகில் மூடிய மாரிநாட்களிற் பகல் முழுதும் வேலை செய்யலாம். உள்ளான்களைத் தரைமட்டத்திற் படுத்துக்கிடந்து எடுப்பது அழகிய முறை என்பர், அழகியதே. ஆனால் கானல் மிகுந்த பகுதியும் தரைமட்டமே ஆதலால், அது விடியற்காலையில் அருகிலுள்ள பறவைக்கு மட்டும் பொருந்தும். வாகனத்தினுள் இருந்து எடுப்போர் குளிரூட்டியை நிறுத்தி, இரு பக்க யன்னல்களையும் சற்று நேரம் திறந்து வைத்தல் வேண்டும். உட்குளிரும் வெளிச்சூடும் யன்னல் வாயிலிற் கலப்பதும் ஒரு கானலே. இயங்கும் எஞ்சினின் மேலாக வில்லையை நீட்டுதல் அடுப்பின் மேலாக நோக்குதலை ஒக்கும்.

காற்று வேறொரு வகையில் நமக்கு நண்பனாகும். பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. காலை வெயிலோ தென்கிழக்கிலிருந்து வருகின்றது. எனவே நீர்நிலையின் கிழக்குக் கரையில் நிற்பார்க்கு வெயிலும் காற்றும் முதுகுப்புறமாக அமைய, இறங்கும் பறவைகள் யாவும் அவரை நோக்கியே, முகத்தில் ஒளி விழ, இறங்கும். அதே நாளின் மாலையில் இவ்வாய்ப்பு இல்லை: வெயில் மேற்கே சென்றிருக்கும், பறவைகள் வாடையை நோக்கியே இறங்குவதால் முகத்தில் நிழல் படியும். சோளகம் வீசும் மாதங்களிற் கணக்கு மாறும். அப்பொழுது மாலையும் மேற்குக் கரையுமே தக்கன.

இந்நான்கு குற்றங்களுள் நிகழ்ந்தது எது என்பதைப் படமே சொல்லும். பறவை மங்கி, அதற்கு முன்னோ பின்னோ உள்ள புல் தெளிவாக இருப்பின் குவியம் தவறியது. படத்தில் எங்குமே தெளிவில்லாது, நீரில் மின்னும் ஒளிப்புள்ளிகள் யாவும் ஒரே திசையிற் கோடுகளாக நீண்டிருப்பின் கமரா அசைந்தது. கொம்பு தெளிவாகவும் சிறகு மட்டும் இழுபட்டும் இருப்பின் பறவை அசைந்தது. தொடர்ந்தெடுத்த பத்துப் படங்களிற் பறவையின் உருவம் ஒவ்வொன்றிலும் சற்று வேறாய், நேரான மீன்வலைக் கம்புகளும் நெளிந்து காணின் அது கானல். இவற்றின் வேறாய், நாள் முழுதும் எடுத்த எல்லாப் படங்களிலும் வெண்படலம் ஒன்று படிந்ததுபோல் இருப்பின் வில்லையை ஒளிக்கு எதிரே பிடித்து நோக்குக. கடற்காற்றின் உப்போ, மாரிகாலத்து ஈரத்தால் உள்ளே படர்ந்த பூஞ்சணமோ தென்படும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பின் பூஞ்சணம் பெரும்பாலும் அணுகாது.

அண்மையைப் பரிகாரமாகச் சொன்னோம். அருகே செல்லுதல் எளிதோ எனின், அது தனியே கற்கவேண்டியதொரு வித்தை. 1895இல் முழுவதும் ஒளிப்படங்களாலேயே விளக்கப்பட்ட பறவைக்கூட்டு நூலை வெளியிட்ட இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர், உட்குடைவான மாட்டுருவம் ஒன்றைச் செய்து அதனுள் ஒளிந்திருந்து படம் எடுத்தவர்கள். தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பொருத்தி அமைத்த கமராவோடு காடுகளில் நடந்து கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்துப் புகழெய்தினார். இத்தகையோர் தூரத்தை வெல்ல வில்லையை மட்டும் நம்பவில்லை. நமக்கு மாட்டுருவம் வேண்டுவதில்லை. நிறுத்திய முச்சக்கரவண்டியே போதிய மறைப்பாகும். வண்டிக்கு அஞ்சாத கொக்கு, அதிலிருந்து இறங்கும் மனிதனுக்கு அஞ்சும். நடந்து செல்வதாயின் பறவையை நோக்கி நேரே செல்லாது சாய்வாக, இடையிடையே நின்று செல்லல் வேண்டும். அது இரை தேடுவதை விட்டுத் தலையை நிமிர்த்துமாயின் அதுவே எல்லை.

கூடுகளை நாடுதலை மாணவர் அறவே தவிர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. ஆட்காட்டி திறந்த தரையில் முட்டையிடும் பறவை. வெயில் கடுமையாகும்போது தன் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். படம் எடுப்பவர் ஒருவர் அரைமணி நேரம் அவ்விடத்தில் நின்று அதனை அணுகவிடாது செய்தால், சுடுதரையிற் கிடக்கும் முட்டைகள் அழியவும் கூடும். அப்படம் எத்துணைத் தெளிவாக அமைந்தால் என்ன! ஆங்கிலேயப் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டை அணுகியபோது அவ்வாந்தை தாக்கியதால் ஒரு கண்ணையே இழந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

சுண்டிக்குளம், வங்காலை ஆகிய காப்பிடங்களுக்கும், அருகிலுள்ள சிறு களப்புக்களுக்கும் இவ்வாண்டு செல்லவிருப்போர் கொடி பொருத்திய உள்ளானைக் காணின் பின்வருமாறு செய்யலாம். முதலில் உள்ள இடத்திலிருந்தே சில படங்கள் எடுக்க. பறவை காலை மடித்து நிற்குமாயின் மறுகாலை ஊன்றும் வரை காத்திருக்க. கொடி சிறியது ஆதலின் குவியப் புள்ளியைக் கண்ணிலிருந்து இறக்கிக் காலின்மேல் வைத்து மேலும் சில எடுக்க. கண்ணே முதன்மை என்ற விதிக்கு இஃதொரு விலக்கு. கொடி வலக்காலிலோ இடக்காலிலோ, முழங்காலுக்கு மேலோ கீழோ, இரண்டிருப்பின் எந்நிறம் மேலே, எந்நிறம் கீழே என்பவற்றையும், இடம், நாள், நேரம் ஆகியவற்றையும் அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. படத்தின் மூலப் பிரதியை வெட்டாது வைத்திருக்க. எழுத்துத் தெரியவில்லையெனிற் பறவையைத் துரத்த வேண்டுவதில்லை. இரை கிடைக்கும் சேற்றுமேட்டுக்கு அது மறுநாட் காலையும் வருவதுண்டு.